பார்வை திரும்பாது என்று சொன்ன பிறகு மலைக்கு யார் வருவார்கள்?

மாற்றுத்திறனாளிகள் நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டு துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் சொல்ல வரும் குறை இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. தனித்தனியாக மனு கொடுத்தால் ஒவ்வொரு மேசையிலும் "இது அவங்க பார்க்க வேண்டியது" என்ற பதிலோடு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இருவரும் ஒரே நேரத்தில் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கொல்லிமலையில் பிறந்தவன், மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவன். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. கீழே, விடுதியோடு இருந்த ஒரு சிறப்புப் பள்ளியில் சேர்த்தார்கள். பிரெய்ல், வெண்கோல், கணினி எல்லாம் அங்கேதான் கற்றேன். இன்று ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எனக்குக் கிடைத்தது எல்லாமே மலையை விட்டு இறங்கியதால் கிடைத்தது. இறங்க முடியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

மலைக்குக் கண் மருத்துவமே வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வருகிறது. முகாம் போடுகிறார்கள். கண்புரை உள்ளவர்களை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோய், அறுவை சிகிச்சை செய்து, லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு பைசா வாங்குவதில்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஆளைத் தேடிப் போய் அழைத்து வரும் இந்த முறையை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியதும் அதே 1976இல்தான். எங்கள் ஊரில் கண்புரை நீங்கி மறுபடி அரிசி புடைக்கிற பாட்டிகளைக் கேட்டால் அந்த உழைப்பின் அருமை தெரியும். 2015 முதல் 2019 வரை நாடு தழுவி நடந்த கணக்கெடுப்பின்படி, 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதம் கண்புரையால் வருவது. அதாவது மூன்றில் இரண்டு பேருக்கு வழி இருக்கிறது, அந்த வழியில் வண்டியும் ஓடுகிறது.

மூன்றாவது ஆளைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். கண் நீர் அழுத்தத்தில் நரம்பு பட்டுப்போனவர், கருவிழியில் பூ விழுந்தவர், விழித்திரை தேய்ந்துகொண்டே போகிறவர், சர்க்கரையால் பார்வை இழந்தவர். இவர்களும் அதே முகாமுக்கு வருகிறார்கள், அதே வரிசையில் நிற்கிறார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு போயிடுச்சு பெரியவரே, இனிமே ஒண்ணும் பண்றதுக்கு இல்ல" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிடத்தோடு அந்த மனிதருக்கு எல்லாம் முடிந்துவிடுகிறது. பார்வை திரும்பக்கூடியவரைத் தேடி வண்டி வருகிறது. திரும்பாது என்று தெரிந்தவரைத் தேடி யாருமே வருவதில்லை. உண்மையில் அன்றைக்குத்தான் அவருக்கு ஆள் தேவைப்படுகிறது.

மருத்துவத் துறையைப் பொறுத்தவரை சிகிச்சை இல்லை என்றதும் அந்த நோயாளியின் கணக்கு முடிந்தது. நலத்துறையைப் பொறுத்தவரை, அவர் மாற்றுத்திறனாளிச் சான்றிதழோடு மாவட்டத் தலைநகருக்கு வந்து நிற்கும்போதுதான் கணக்கு தொடங்கும். மலையின் முக்கிய ஊரான செம்மேட்டிலிருந்து மாவட்டத் தலைநகரான நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். காரவள்ளி வழியாக இறங்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். செம்மேட்டுக்கு வருவதற்கே பல ஊர்களிலிருந்து காட்டு வழியில் நடக்க வேண்டும். பார்வை இல்லாதவர் தனியாக வர முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக ஒரு வீட்டில் இரண்டு பேரின் ஒருநாள் கூலி போகிறது. "டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் பலர் அதற்கப்புறம் இறங்குவதே இல்லை.

என் பெரியப்பாவின் கதையைச் சொல்கிறேன். அவருக்குக் கண் நீர் அழுத்தம். வலி இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும் நோய் அது. தெரியவரும்போது பெரும்பகுதி போயிருந்தது. எங்கோ நடந்த ஒரு உதவி வழங்கும் முகாமில் அவருக்குக் கருப்புக் கண்ணாடியும் மடக்குக் கோலும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். விடுமுறைக்குப் போனபோது கோல் எங்கே என்று கேட்டேன். பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் பரண்மேல் இருந்தது. "அதப் புடிச்சா குருடன்னு ஊருக்கே தம்பட்டம் அடிச்ச மாதிரிடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அத எப்படிப் புடிக்கறதுன்னும் ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை இரு துறைகளும் கவனிக்க வேண்டும்.

வெண்கோல் பிடிப்பது ஒரு வித்தை. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்க வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் என்பவர் 1940களில் வகுத்த முறை அது. கோல் நெஞ்செலும்பு உயரம் இருக்க வேண்டும். கை தொப்புளுக்கு நேரே நிற்க வேண்டும். வலது கால் முன்னால் போகும்போது கோலின் நுனி இடது பக்கம் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலது பக்கம். அடுத்த அடி விழப்போகிற இடத்தைக் கோல் முன்னாலேயே தொட்டுப் பார்த்துவிடும். இதைப் பழகப் பல வாரங்கள் ஆகும். நான் பழகியது சிமெண்ட் தரையிலும் தார்ச் சாலையிலும்.

கொல்லிமலையில் பாதை அப்படி இல்லை. ஒரு பக்கம் காப்பித் தோட்டத்து வேலி, மறுபக்கம் ஆளுயரப் பள்ளம். நடுவில் வேர், பாறை, மழை அரித்த குழி. இங்கே தட்டித் தட்டி நடந்தால் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் பள்ளம் தப்பிவிடும். நுனியைத் தரையிலிருந்து எடுக்காமல் உரசிக்கொண்டே போக வேண்டும். மடக்குக் கோலோ அலுமினியத் துண்டுகளை எலாஸ்டிக் கயிற்றால் கோத்தது. மழைக்காலச் சேறு மூட்டுகளில் புகுந்தால் மடங்காது, பாறையில் உரசி உரசி நுனி சீக்கிரம் தேய்ந்துவிடும். மாற்று நுனிக்கு மலையில் எங்கே போவது? பெரியப்பாவுக்குக் கடைசியில் உள்ளூர் மூங்கிலில், அவர் உயரத்துக்கு, முனையில் ரப்பர் செருகி ஒன்று செய்தோம். வெள்ளை பெயிண்ட்டும் அடித்தோம். அது அவருக்குப் பிடித்துப்போனது. மலையில் வயசானவர் கையில் தடி இருப்பது வழக்கம்தானே.

அவருக்கு எங்கே போக ஆசை என்று கேட்டேன். டீக்கடை, கோயில் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் சொன்னது வேறு. விடியற்காலையில் மருமகளை எழுப்பாமல் தானே கழிப்பறைக்குப் போய் வர வேண்டும். பார்வை போன நாளிலிருந்து அந்த ஒன்றுக்காகவே மத்தியானத்துக்கு அப்புறம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாராம். வீட்டுப் பின்புறம் கழிப்பறை இருக்கிறது, பதினைந்து இருபது அடிதான். நடுவில் மாட்டுக் கொட்டகை, ஒரு பாறை, சரிவு. பின்கதவிலிருந்து கழிப்பறைக் கதவு வரை இடுப்பு உயரத்தில் ஒரு நைலான் கயிறு கட்டினோம். பாறை வரும் இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சு, சரிவு தொடங்கும் இடத்தில் இரண்டு முடிச்சு. மறுநாள் காலை அவரே போய்விட்டு வந்தார். தண்ணீரும் பழையபடி குடிக்க ஆரம்பித்தார். கயிறுக்குச் செலவு ஒரு டீச்செலவுதான். ஆனால் அந்தக் கயிறைக் கட்ட வேண்டும் என்று தெரிந்த ஆள் ஒருவர் அந்த வீட்டுக்குள் வர வேண்டியிருந்தது. தற்செயலாக அது அவருடைய தம்பி மகனாக இருந்தது. அப்படித் தம்பி மகன் இல்லாத வீடுகளை என்ன செய்வது?

பெண்களின் நிலை இன்னும் கஷ்டம். பார்வை போன மறுநாளே அடுப்படியிலிருந்து அவர்களை எழுப்பிவிடுகிறார்கள். "நீ உக்காரு, நாங்க பாத்துக்கறோம்" என்பது பாசத்தில் சொல்வதுதான். ஆனால் நாற்பது வருடம் ஒரு குடும்பத்துக்கே சமைத்துப் போட்ட பெண்ணுக்கு அது வேலையைப் பிடுங்கிக்கொண்டதற்குச் சமம். எண்ணெய் காய்ந்ததை ஓசையில் கண்டுபிடிக்கலாம். டம்ளர் விளிம்புக்குள் விரல் நுனியை வைத்துக்கொண்டால் தண்ணீர் வழியாமல் ஊற்றலாம். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம், சர்க்கரை டப்பாவுக்கு இரண்டு. இதெல்லாம் எங்கள் விடுதியில் அக்காக்கள் கற்றுக்கொடுத்தது. மலையில் ஒரு அத்தைக்கு இதைக் கற்றுத்தர நான் போனால் சரிவராது. கையைப் பிடித்துக் காட்ட வேண்டிய வேலை, பெண்தான் வேண்டும். அதுவும் ஊர்ப் பெண்ணாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

அப்புறம் பணம். புதிய வரிசை நோட்டுகளில் 200 ரூபாயும் 500 ரூபாயும் அகலத்தில் ஒன்றே, நீளத்தில் வித்தியாசம் 4 மில்லிமீட்டர். 500 ரூபாயின் இரு ஓரங்களிலும் ஐந்து சாய்கோடுகள் புடைப்பாக இருக்கும், 200இல் நாலு கோடுகளும் நடுவில் இரண்டு வட்டங்களும். புது நோட்டில் விரலுக்குத் தெரியும். சந்தையில் கைமாறிக் கசங்கிய நோட்டில், மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு ஒன்றும் தெரியாது. மிளகு விற்ற காசை எண்ணப் பேரனை நம்ப வேண்டும், வியாபாரியை நம்ப வேண்டும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்றொரு செயலி வெளியிட்டது. கேமரா முன் நோட்டைக் காட்டினால் இத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையம் இல்லாமலே வேலை செய்யும். டவர் கிடைக்காத மலைக்கென்றே செய்தது போல இருக்கிறது! ஆனால் மலையில் நான் விசாரித்த பார்வையற்றவர் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நலத்துறை எங்களுக்குத் திறன்பேசி கொடுக்கிறது, அதற்கு நன்றி. அதில் திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும் டாக்பேக்கை எப்படிப் போடுவது, ஒரு விரலால் தடவிக் கேட்பது, இரண்டு முறை தட்டித் திறப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லித்தரா விட்டால், அந்தப் போன் வீட்டுப் பையன்கள் வீடியோ பார்க்கத்தான் உதவும்.

சான்றிதழ் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு இளைஞன். பகலில் நன்றாகவே நடப்பான், செய்தித்தாளில் பெரிய எழுத்தைக் கூடப் படிப்பான். பொழுது சாய்ந்தால் வாசற்படியில் இடித்துக்கொள்வான், பக்கவாட்டில் வரும் ஆள்மேல் மோதுவான். ஊரில் அவனை நடிக்கிறான் என்கிறார்கள், குடித்திருக்கிறான் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு விழித்திரை ஓரத்திலிருந்து தேய்ந்து வருகிறது. உலகத்தைக் குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். சான்றிதழுக்குப் போன இடத்தில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள், படித்தான். குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எழுத்துப் பலகையில் 3/60க்குக் கீழே போனால் (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாவிட்டால்) மட்டுமல்ல, பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரிகிற பரப்பு, 10 டிகிரிக்குக் கீழே சுருங்கினாலும் அது பார்வையின்மைதான். 40 டிகிரிக்குக் கீழே என்றால் குறைபார்வை. ஆனால் புலத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டும், அதை இயக்கத் தெரிந்தவர் வேண்டும். அது பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். சட்டத்தில் எழுதியிருப்பது அவன் கையில் அட்டையாக வருவதற்கு அந்தக் கருவி இருக்கும் இடத்துக்கு அவன் போக வேண்டும், இல்லை அது அவனிடம் வர வேண்டும். அட்டை இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, பஸ் சலுகை இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை.

இதை எழுதும்போது ஒரு எண் எனக்குள் உறுத்துகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பார்வைக் குறையுடையோர் 1,27,405 பேர். வீட்டுக்கு வந்தவர் கேட்ட கேள்விக்கு வீட்டில் இருந்த யாரோ சொன்ன பதிலில் எழுந்த எண் அது. மேலே சொன்ன பையன் அதில் இருந்திருக்க மாட்டான். "வயசாச்சு, கண்ணு தெரியல, அவ்வளவுதான்" என்று குடும்பமே நினைக்கும் கிழவியும் இருந்திருக்க மாட்டாள்.

குழந்தைகளுக்கு வருகிறேன். 1890லேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி கண்ட மாநிலம் இது. சிறப்புப் பள்ளிகளால் வாழ்ந்தவன் நான், அவற்றைக் குறைத்துப் பேச என் நாக்கு வராது. ஆனாலும் ஆறு ஏழு வயதுக் குழந்தையை மலையிலிருந்து இறக்கி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விடுவது எல்லாத் தாய்க்கும் முடிகிற காரியமா? முடியாத வீடுகளில் குழந்தை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. உள்ளூர்ப் பள்ளியில் பெயர் இருக்கும், வருகை இருக்கும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேட்டதோடு எட்டாம் வகுப்பு வரை போய்விடும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் வட்டார வள மையத்திலிருந்து வருகிறார்கள். ஆனால் ஒருவரே பல பள்ளிகளுக்கு, எல்லா வகைக் குறைபாட்டுக்கும் போக வேண்டும். மலையில் ஒரு பள்ளிக்கும் அடுத்த பள்ளிக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கலாம். பிரெய்ல் என்பது மாதம் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுத்து வருகிற காரியம் இல்லை. தினமும் விரல் புள்ளியைத் தடவ வேண்டும்.

கொல்லிமலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றில், பிரெய்லும் குறைபார்வைக் கல்வியும் தெரிந்த ஒரு ஆசிரியரை அங்கேயே தங்கும்படி நியமித்தால் போதும். பார்வை இல்லாத குழந்தைகளும் பாதி தெரிகிற குழந்தைகளும் தங்கள் மலையிலேயே, தங்கள் சனங்களோடு படிக்கலாம். பாதி தெரிகிறவர்கள்தான் இதில் அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். அவர்களுக்குப் பிரெய்ல் வேண்டாம். பெரிய எழுத்துப் புத்தகம், உருப்பெருக்கி, கறுப்பு மையில் தடித்த கோடு போட்ட நோட்டு, முதல் பெஞ்சில் ஜன்னல் வெளிச்சம் முதுகுப்பக்கம் விழும் இடம் போதும். இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகளை மந்தம் என்று ஒதுக்கிவிட்டோம். இதற்குப் பள்ளிக் கல்வித் துறையும் பழங்குடியினர் நலத்துறையும் சம்மதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் பேச உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். வழி உங்கள் கையிலேயே இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இன்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. பக்கவாதத்தில் படுத்தவர் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் வருகிறார். படுத்த படுக்கையானவரைப் பார்க்க நோய்த்தணிப்பு செவிலியர் வருகிறார். காலை அசைக்கச் சொல்லித்தருபவர் வீட்டுக்கு வரலாம் என்றால், கண் இல்லாமல் நடக்கச் சொல்லித்தருபவரும் அதே வண்டியில் வரலாமே. வாசலில் மாத்திரை கொடுக்கிற அந்த அம்மாவுக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பார்வையற்ற பெரியவரையும் தெரியும். ஆனால் அந்தப் பெரியவர் பெயரை எழுத அந்த அம்மா கையிலிருக்கும் படிவத்தில் இடம் வேண்டும். எழுதிய பெயர் போய்ச் சேர ஒரு ஆள் இருக்க வேண்டும்.

அந்த ஆளைத்தான் நான் முதலில் கேட்கிறேன். மலையிலேயே பிறந்து, மலையிலேயே இருக்கப்போகிற ஒரு பெண்ணும் ஒரு ஆணும். கோல் நடை, வீட்டு வேலை, போன், பணம், கழிப்பறைக் கயிறு எல்லாம் சொல்லித்தரத் தெரிந்தவர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சில் 2021இல் சமூகம் சார்ந்த மறுவாழ்வுப் பணிக்கென ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பொன்றைத் தொடங்கியிருக்கிறது. அதோடு பார்வையற்றோர் நடமாட்டப் பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்தால் அடித்தளம் கிடைத்துவிடும். அவர்களில் ஒருவராவது எங்களைப் போன்றவராக இருக்கட்டும். வேலைவாய்ப்பில் பார்வைக் குறையுடையோருக்குச் சட்டம் ஒதுக்கும் 1 சதவீதத்தை இதைவிடப் பொருத்தமாக எங்கே நிரப்ப முடியும்? கண் இல்லாத ஒருவர் சரிவில் இறங்கிக் காட்டினால், "உங்களால முடியும்" என்று நூறு பேர் சொல்வதற்குமேல் அது பலிக்கும். பெரியப்பாவிடமே அதைப் பார்த்தேன். இன்னொன்று, இவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். ஊக்கத்தொகை, சேவை மனப்பான்மை என்று பெயர் வைத்துக் குறைத்துவிடாதீர்கள். ஆறு மாதத்தில் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்களையும் நடமாடும் சேவை வண்டிகளையும் நலத்துறை கொண்டு வந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் எல்லாச் சேவையும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். மலையைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் யோசியுங்கள். வண்டி தார்ச் சாலை முடிகிற இடம் வரை வரும். எங்களவர் வீடு பெரும்பாலும் அதற்கு அப்பால் இருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் பயிற்சி கொடுத்தால் அவர் அந்த மைதானத்தில் நடக்கக் கற்றுக்கொள்வார். அவர் நடக்க வேண்டியது தன் வீட்டிலிருந்து குழாயடிக்கு, குழாயடியிலிருந்து டீக்கடைக்கு. அந்தப் பாதையில்தான் பயிற்சி நடக்க வேண்டும். இடது பக்கம் ஓடைச் சத்தம் கேட்டால் இறக்கம் வருகிறது, பலா வேர் காலில் தட்டுப்பட்டால் திருப்பம் என்றெல்லாம் அவர் மனதில் பதிய அந்தப் பாதையைத் தவிர வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

இரண்டாவதாகக் கேட்பது மருத்துவத் துறையிடம். முகாமிலோ ஆஸ்பத்திரியிலோ "இனி சிகிச்சை இல்லை" என்று சொல்லும் அன்றே, அந்த நபரின் ஒப்புதலோடு பெயரும் ஊரும் நலத்துறையின் களப்பணியாளருக்குப் போய்ச் சேர வேண்டும். டாக்டர் அதே மூச்சில் இன்னொரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "உங்க ஊருக்கு ஒருத்தர் வருவார், நடக்கறது, வேலை செய்யறது எல்லாம் சொல்லிக்கொடுப்பார்." அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்புபவருக்கும் கேட்காமல் திரும்புபவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். பார்வை போன புதிதில் சாப்பாட்டை ஒதுக்கியவர்களை, செத்துவிடலாம் என்று பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு, புலம் அளக்கும் கருவியோடு, மேலே வரட்டும். சந்தை நாளாகப் பார்த்து வாருங்கள். அன்றைக்கு எப்படியும் வீட்டில் ஒருவர் செம்மேட்டுப் பக்கம் வருவார், துணைக்கென்று தனியாகக் கூலி போகாது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கான பதிவையும் அங்கேயே முடித்துவிடலாம்.

மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியம் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2023இல் 1,000த்திலிருந்து உயர்த்தியது நல்லது, இன்னும் உயர வேண்டும். ஆனால் அதை எடுக்க விரல் ரேகை வைக்கும்போது, இயந்திரத்தில் என்ன தொகை அடித்தார்கள் என்பது பார்வையற்றவருக்குக் கேட்க வேண்டும். தொகையை வாய்விட்டுச் சொல்லும் வசதியைக் கட்டாயமாக்கச் சொல்லி வங்கிகளுக்கு எழுதுங்கள்.

இவையெல்லாம் புதிதாகக் கேட்கும் சலுகைகள் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, குறிப்பாக ஊரகப் பகுதிகளில், இருக்கும் இடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதி தரச் சொல்கிறது. 27ஆம் பிரிவு மறுவாழ்வுச் சேவைகளை அரசின் கடமை என்கிறது. தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற சொற்களும் அதில் இருப்பது எனக்குத் தெரியும். நான் கேட்பதில் கட்டடம் இல்லை, புலம் அளக்கும் கருவி ஒன்றைத் தவிர பெரிய இயந்திரமும் இல்லை. ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும், அவ்வளவே. கொல்லிமலையில் இது வேலை செய்தால் கல்வராயன் மலைக்கும் ஜவ்வாது மலைக்கும் கடம்பூர் மலைக்கும் கொண்டுபோகலாம். அங்கேயும் இதே கதைதான் என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் சொல்கிறார்கள்.

2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டப்பேரவையில் சட்டத் திருத்தம் வந்தபோது நாங்கள் மனதார மகிழ்ந்தோம். மலை ஒன்றியங்களில் அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது, மலையிலேயே வாழ்பவரைத் தேர்ந்தெடுங்கள். களப்பணியாளர் மாதம் எந்தெந்த வீட்டுக்குப் போனார் என்று கேட்டுச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இந்த மடலுக்குப் பதில் கடிதம் வேண்டாம். இரு துறைகளிலிருந்தும் முடிவெடுக்கக் கூடிய ஒவ்வொருவர், ஒரே நாளில், மலைக்கு வாருங்கள். பயிற்சிக்கு ஆள் தேடும் சிரமமும் உங்களுக்கு வேண்டாம். சிறப்புப் பள்ளிகளில் படித்து வேலைக்குப் போன எங்களில் சிலர், விடுமுறை நாட்களில் வந்து முதல் அணிக்குக் கோல் நடை சொல்லித்தரத் தயாராக இருக்கிறோம், அதற்குச் சம்பளம் கேட்க மாட்டோம். என்றைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் குறித்துச் சொல்லுங்கள். செம்மேடு பஸ் நிறுத்தத்துக்கே வந்து உங்களை அழைத்துப் போகிறோம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும், வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கொல்லிமலையைச் சேர்ந்த ஒரு பார்வையற்ற ஆசிரியர்